வெயிலைப் பூட்டி வைக்கலாமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பியை முடித்துவிட்டு, இன்றைக்காவது ஒரு வேலையும் இல்லாமல் இருப்போம் என்று நாற்காலியில் சாய்ந்தேன். டெலிபோன் மணி அடித்தது. நங்கநல்லூரிலிருந்து பெரியம்மா.

"ஏண்டி, பருப்பு விலையிலேயிருந்து பட்டுப் புடவை வரைக்கும் எல்லாத்தைப் பத்தியும் எழுதறே. வெயிலைப் பெட்டியிலே பூட்டி வைக்கிறாங்களாமே, அதைப் பத்தி எழுதினியா?"

"எந்தப் பெட்டி, பெரியம்மா?"

"பாட்டரிப் பெட்டிதான்! மாடியிலே சோலார் பலகை, கீழே பெட்டி. மூணு லட்சத்துக்கு ஒரு கம்பெனிக்காரன் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கான். பேங்கிலே போட்டிருக்கிற பணத்தை எடுத்துடலாம்னு இருக்கேன். உங்க பெரியப்பா வேண்டாங்கறார். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற சமாசாரமா அது? ஆனாலும் புறப்பட்டேன். பெரியம்மா வீட்டு வத்தக்குழம்புக்காகப் போனேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதில் பாதிதான் உண்மை.

நேயர்களே, பெரியம்மாவின் அவசரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரியப்பா சர்க்கார் ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சில வருஷங்களாக அவருக்கு நுரையீரல் கோளாறு. இரவில் ஆக்ஸிஜன் மிஷின் போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும். சுவரில் செருகினால் அறைக் காற்றிலிருந்தே பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம் அது. அதற்குக் கரண்ட் வேண்டும். ராத்திரி முழுவதும் வேண்டும்.

2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மிதந்ததே, நினைவிருக்கிறதா? அன்று காலையில் நின்ற கரண்ட் அவர்கள் தெருவுக்குத் திரும்பி வர மூன்று நாளாயிற்று. வீட்டில் பழைய இன்வர்ட்டர் ஒன்று உண்டு. 2012-ல் தமிழ்நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் ஊரெல்லாம் வாங்கியபோது வாங்கியது. பாட்டரியை மட்டும் நடுவில் ஒரு தடவை மாற்றியிருந்தார்கள். பெரியம்மா சமர்த்து. பகல் முழுவதும் விசிறிகூடப் போடாமல் பாட்டரியைச் சேமித்து வைத்தாள். இரவு பதினொரு மணிக்கு மிஷினைப் போட்டாள். விளக்குச் செலவையும் மிச்சம் பிடிக்கலாமென்று ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினாள். பெரியப்பா பதறிப்போய் அணைக்கச் சொன்னார். (பிராணவாயு ஓடுகிற அறையில் மெழுகுவர்த்தி, குத்துவிளக்கு, ஊதுவத்தி எதுவும் கூடாது. இப்படி ஒரு மிஷின் உங்கள் வீட்டிலும் இருந்தால் இதை மறக்காதீர்கள்.) ஒன்றேகால் மணிக்கு இன்வர்ட்டர் கூவிற்று. பிறகு நின்றே போயிற்று.

அன்று விடியும் வரையில் பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெரியம்மா பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தாள். காலையில் எதிர் வீட்டுக் கல்லூரிப் பையன் முழங்கால் தண்ணீரில் நடந்து போய், எங்கிருந்தோ ஒரு சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான். அந்த ராத்திரியைப் பற்றிப் பெரியம்மா பேசுவதே இல்லை. விசிறி மட்டும் இன்னும் அந்த அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது.

இன்னொன்றையும் அவள் அப்போது பார்த்தாள். மழை விட்டு வெயில் வந்த பிறகு, பக்கத்து வீட்டு மாடியில் சோலார் பலகைகள் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தன. ஆனால் அந்த வீட்டிலும் விசிறி ஓடவில்லை! "தலைக்கு மேலே சூரியன், வீட்டுக்குள்ளே புழுக்கம். அது என்னடி நியாயம்?" என்று கேட்டாள்.

இது பலருக்குத் தெரியாத விஷயம். பலகை போட்டுவிட்டால் கரண்ட் போகாது என்றுதான் நாம் நினைக்கிறோம். பாட்டரி இல்லாமல் ஈ.பி. கம்பியோடு இணைத்த சோலார், தெருவில் கரண்ட் நின்ற அந்த க்ஷணமே தானும் நின்றுவிடும். அப்படி நிற்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். தெருக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருப்பார். அப்போது நம் மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் பாய்ந்தால் அவர் கதி என்ன? அதனால்தான் இந்த ஏற்பாடு. பாட்டரியும் அதற்கேற்ற 'ஹைப்ரிட்' இன்வர்ட்டரும் இருந்தால், தெருவை விட்டு வீட்டைத் தனியே பிரித்து வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் கரண்ட் கொடுக்கலாம்.

"அப்போ பெட்டி வேணும்தானே?" என்றாள் பெரியம்மா வெற்றியோடு.

"மூணு லட்சம்" என்றார் பெரியப்பா, பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

கம்பெனிக்காரர் கொடுத்த காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். மூன்று கிலோவாட் பலகை, ஹைப்ரிட் இன்வர்ட்டர், ஐந்து யூனிட் கொள்ளும் லித்தியம் பாட்டரி எல்லாம் சேர்ந்து 3,60,000 ரூபாய். மத்திய அரசின் மானியம் 78,000 போக 2,82,000. இந்த மானியம் 2024 பிப்ரவரியில் அறிவித்த சூர்ய கர் திட்டத்தைச் சேர்ந்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000. அதற்கு மேல் எத்தனை பலகை போட்டாலும் கிடையாது. பாட்டரிக்கென்று அதில் தனியாக ஒரு காசும் இல்லை. "பாட்டரி வேண்டாமென்றால் என்ன விலை?" என்று அந்தக் கம்பெனிக்கே டெலிபோன் செய்தேன். இரண்டு லட்சம்; மானியம் போக 1,22,000. ஆக, பெட்டிக்கும் அதைச் சேர்ந்த சாமான்களுக்குமாக 1,60,000.

பெரியப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பழைய உத்தியோகம் சும்மா விடுமா!

முதலில் பலகைக் கணக்கு. நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் பலகை ஒரு நாளைக்குச் சுமார் நான்கு யூனிட் கொடுக்கும். மூன்று கிலோவாட் என்றால் பன்னிரண்டு. ஈ.பி. கணக்குப்படி இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டுக்குக் குறையாது. நிழல் விழாத இடம் கிலோவாட்டுக்கு 100 சதுர அடி இருந்தால் போதும்.

இந்த 700 யூனிட்டின் மதிப்பு வீட்டுக்கு வீடு வேறு. இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் வந்தது. 2022 செப்டம்பரில் நிர்ணயித்த விகிதப்படி 200 யூனிட் செலவு செய்கிற வீட்டுக்கு இரண்டு மாத பில் 225 ரூபாய்தான். அந்த வீட்டுக்காரர் லட்ச ரூபாய் போட்டுப் பலகை வாங்கினால் பேரன் காலத்தில்தான் போட்ட பணம் திரும்பும். 500 யூனிட்டுக்கு 1,725. சலுகை விகிதம் அதோடு சரி. 510 யூனிட் ஆகிவிட்டால் பில் 2,030! பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதன் பிறகு யூனிட் எட்டு, ஒன்பது, பத்து என்று ஏணி ஏறுகிறது. 800 யூனிட்டுக்கு 4,550. 2024 ஜூலையில் இந்த விகிதங்கள் இன்னும் கொஞ்சம் ஏறின. பெரியம்மா வீட்டில் ஏ.சி. ஒன்று, மிஷின் ஒன்று. கோடையில் 800, மற்ற நாளில் 500. பழைய பில்களைப் பெரியப்பா வருஷவாரியாக நூல் கோத்து வைத்திருக்கிறார் என்று சொல்லவும் வேண்டுமா? கூட்டிப் பார்த்ததில், பலகை போட்டால் வருஷத்துக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் அளவில் மிச்சம். ஆறேழு வருஷத்தில் முதல் திரும்பிவிடும். பலகைக்கு இருபத்தைந்து வருஷம் உத்தரவாதம் தருகிறார்கள்.

"நல்ல கணக்குத்தான். பெட்டி என்ன மிச்சம் பிடிக்கும்?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை, பெரியப்பா" என்றேன்.

பெரியம்மாவுக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது. ஆனால் அதுதான் உண்மை. நம் ஊரில் வீட்டுச் சோலாருக்கு இரண்டு பக்கமும் ஓடும் மீட்டர் வைக்கிறார்கள். பகலில் நாம் செலவழித்தது போக மிச்சம் கம்பிக்குப் போய் நம் பேரில் வரவாகிறது. இரவில் எடுப்பதை அதில் கழித்துக்கொள்கிறார்கள். (இதற்குக் கட்டணம் ஏதாவது உண்டா, வருஷக் கடைசியில் மீதியை என்ன செய்வார்கள் என்பதை எல்லாம் உங்கள் பகுதி ஈ.பி. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன.) அதாவது ஈ.பி. கம்பியே நமக்குப் பாங்க்! பாங்கில் சம்மதமாகப் போட்டு எடுக்க வசதி இருக்கும்போது, லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வீட்டில் இரும்புப் பெட்டி வாங்குவானேன்? அதுவும் அந்தப் பெட்டியில் பத்து ரூபாய் போட்டால் ஒன்பது ரூபாய்தான் திரும்பி வரும். மீதி உஷ்ணமாகப் போய்விடும்.

"மெல்போர்னிலே உங்க அக்கா பெட்டி வாங்கிட்டாளே! பெட்டி இல்லாம சோலாரே போடாதேன்னு சொன்னாளே!"

அக்கா சொன்னதும் சரிதான், அந்த ஊருக்கு. ஆஸ்திரேலியாவில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுக் கூரைகளில் சோலார் இருக்கிறது. நடுப்பகலில் எல்லோரும் கம்பிக்குள் கரண்டைத் தள்ளினால் யாருக்கு வேண்டும்? சந்தையில் கத்தரிக்காய் குவிந்த கதைதான். பகலில் நாம் கொடுப்பதற்குச் சொற்பக் காசு. மாலையில் நாம் வாங்குவதற்கு ஏகப்பட்ட விலை. அந்த இடைவெளியில்தான் பெட்டி சம்பாதிக்கிறது. போதாக்குறைக்கு 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து அந்த நாட்டு அரசாங்கம் பெட்டி விலையில் சுமார் முப்பது சதவிகிதம் தள்ளுபடி கொடுத்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலும் இப்படித்தான். 2023 ஏப்ரலில், வீட்டிலிருந்து வாங்கும் கரண்டுக்குக் கொடுக்கிற விலையைக் கிட்டத்தட்ட முக்கால் பங்கு குறைத்தார்கள். அன்று முதல் அங்கே எல்லோரும் பெட்டி வாங்கலானார்கள்.

நம் ஊரிலும் அந்தக் காலம் வரலாம். ஸ்மார்ட் மீட்டர் வைத்தபின் பகலில் குறைந்த விலை, மாலையில் கூடுதல் விலை என்று வகுக்க 2023 ஜூனிலேயே மத்திய அரசு விதி திருத்தியது. உங்கள் வீட்டு மீட்டருக்கு அது வந்து சேருகிற அன்று கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். அதுவரையில், பெட்டி பணத்தை மிச்சம் பிடிக்கும் என்று யாராவது சொன்னால், "எங்கே, பென்சிலால் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

"அவ்வளவுதானே, விட்டுத்தள்ளு" என்று பெரியப்பா பேனாவை மூடினார்.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. சமையலறைப் பக்கம் போய்விட்டாள். நான் சுவரில் மாட்டியிருந்த விசிறியைப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒரே காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பலகை என்பது பில்லைக் குறைக்க. பெட்டி என்பது இருட்டைக் கடக்க. இரண்டும் சேர்ந்துதான் வர வேண்டும் என்று யார் சொன்னது? பெட்டிக்கு வெயில்தான் வேண்டுமென்பதில்லை. வீட்டுக் கரண்டிலேயே ரொம்பிக்கொள்ளும். பெரியப்பாவுக்கு வேண்டியது ஒரு ராத்திரி.

"பெரியப்பா, பேனாவைத் திறங்க" என்றேன்.

ராத்திரிக் கணக்கு இது. மிஷினின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் 350 வாட் என்று இருந்தது. எட்டு மணி நேரத்துக்கு 2.8 யூனிட். பழைய விசிறி 75 வாட், அதற்கு 0.6. சின்ன விளக்கு கணக்கில் வராது. மொத்தம் 3.4 யூனிட். பழைய பாட்டரியோ 12 வோல்ட், 150 ஆம்பியர். பெருக்கினால் 1.8 யூனிட். அதுவும் காகிதத்தில்தான். அமில பாட்டரியை அடியோடு காலி செய்தால் ஆயுள் போய்விடும். வயதும் ஆகிவிட்டது. ஒரு யூனிட் கிடைத்திருந்தால் அதிகம். இரண்டேகால் மணி நேரத்தில் அது கூவியதில் ஆச்சரியமே இல்லை.

அதே மாதிரி அமில பாட்டரி நான்கு வாங்கி அடுக்கினால் என்ன? விலை குறைவுதான். ஆனால் நான்கைந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எழுபது வயதுக்கு மேல் குனிந்து யார் ஊற்றுவது? லித்தியத்திலேயே இரும்பு பாஸ்பேட் என்று ஒரு வகை உண்டு. சீக்கிரம் சூடேறித் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். பத்து வருஷம் உத்தரவாதம் கொடுக்கிறார்கள். 1990-களில் அமெரிக்காவில் டெக்ஸஸ் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் குட்இனஃப் குழுவினர் கண்டது அது. லித்தியம் பாட்டரிக்காக அவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தபோது வயது 97. ஸ்டாக்ஹோமில் அவருக்குப் பதிலாக நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் யார் தெரியுமா? அவரோடு பல வருஷம் ஆராய்ச்சி செய்த ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். இதைச் சொன்னதும் பெரியப்பாவுக்குப் பெட்டியின் மேல் சற்று மரியாதை உண்டாயிற்று. மனுஷ சுபாவம்!

பலகையை இப்போதைக்கு ஒத்திப் போடலாம் என்று அவரே சொன்னார். மொட்டை மாடியில் தட்டோடு பெயர்ந்து மழைக்கு ஒழுகுகிறது. இருபத்தைந்து வருஷம் நகராமல் நிற்கப்போகிற பலகையை ஒழுகுகிற தளத்தின் மேல் நிறுத்தினால், அப்புறம் கழற்றி மாட்டக் கூலி கொடுத்தே கட்டுப்படியாகாது. முதலில் தளம், பிறகு பலகை. இன்வர்ட்டரை மட்டும் இப்போதே ஹைப்ரிட் வகையாக வாங்கிவிட்டால், பின்னால் பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். வேறு இரண்டு இடத்தில் விசாரித்தோம். பெட்டியும் இன்வர்ட்டரும் 1,30,000-க்குப் படிந்தது. மிஷினின் மோட்டாருக்குப் பழுதில்லாத சைன் வேவ் கரண்ட் வருமா என்று மட்டும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

பெரியப்பா வகுத்தார். பத்து வருஷத்துக்கு 1,30,000 என்றால் நாளைக்கு 36 ரூபாய். பாங்கில் ஏழு சதவிகித வட்டி போகிறதே, அதையும் விடவில்லை, நாளைக்கு 25. ஆக 61 ரூபாய். எழுதிவிட்டு அந்தத் தொகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்காக நாளைக்கு அறுபத்தொரு ரூபாய் ஜாஸ்தி" என்றார் மெதுவாக.

சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: "உங்களுக்காக இல்லே. எனக்குக் கை வலிக்குது."

அதற்கு மேல் விவாதம் இல்லை.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் ஒரு சின்னச் சண்டை. எல்லா வீட்டிலும் போல மாடிப்படிக்கு அடியில் என்றாள் பெரியம்மா. வெள்ளம் முழங்காலுக்கு வருகிற தெருவில் அது ஆகுமா? சுவரில் நான்கடி உயரத்தில், வெயில் படாத, காற்றோட்டமான இடமாகப் பார்த்து, ஹாலின் வடக்குச் சுவரில் மாட்டச் சொன்னேன். படுக்கையறையிலும் அடுப்பங்கரையிலும் வேண்டாம். உஷ்ணம் அதற்கு ஆகாது. படுக்கையறையின் மிஷின், விசிறி, விளக்கு, ஹாலில் ஒரு விளக்கு இவற்றுக்கு மட்டும் தனி ஒயர் இழுத்துக் கொடுத்தோம். ஏ.சி.யையும் அதில் சேர்த்திருந்தால் ஐந்து யூனிட் எத்தனை மணிக்கு வரும்? விசிறியையும் 30 வாட்டில் ஓடுகிற புது மாதிரியாக மாற்றினோம். ஒரு ராத்திரிக்கு அதுவே கிட்டத்தட்ட ஒரு மணி நேர பிராணவாயுவை மிச்சம் பிடிக்கிறது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். புயலில் மூன்று ராத்திரி கரண்ட் இல்லையென்றால் இந்தப் பெட்டி முதல் ராத்திரியைத்தான் தாங்கும். பலகை வந்த பிறகும், மூடிய வானத்தில் வழக்கத்தில் கால் பங்கு கிடைப்பதே அரிது. ஆகையால் ஒரு சிலிண்டர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டுமென்று டாக்டரிடம் கேட்டு ஏற்பாடு செய்தோம். எதிர் வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டான்.

போன சனிக்கிழமை ராத்திரி ஒரு பரீட்சை வைத்தோம். பத்து மணிக்கு நானே மெயின் சுவிட்சை அணைத்தேன். தெரு முழுவதும் வெளிச்சமாயிருக்க எங்கள் வீடு மட்டும் இருட்டு. படுக்கையறையில் சின்ன விளக்கும் மிஷினின் 'புஸ், புஸ்' சப்தமும். தூங்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா தலையணைக்கு அடியில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தது எனக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தேன். பெட்டியின் முகப்பில் 31 சதவிகிதம் மீதி என்று காட்டிற்று. நோட்டைப் புரட்டினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மணிவாரியாகக் குறித்திருந்தார். ஒன்றேகால் மணிக்குத் தனியாக ஒரு வரி: 74. அதற்குப் பிறகு பக்கம் காலி.

தூங்கிப் போயிருக்கிறார்.

பெரியம்மா காப்பிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தாள். "மெயினைப் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும், அவர் எழுந்திருக்கட்டும். சுவிட்சு சத்தத்திலே முழிச்சுக்கப் போறார்" என்றாள்.